சல்லூமும் மகள்களும் கட்டிய சுவர்

சல்லூமின் வலது கையில் கட்டைவிரலைத் தவிர வேறு விரல் கிடையாது. ஒரகடத்தில் இதை ஓர் அடையாளமாகச் சொன்னால் சிரிப்பார்கள். கம்பெனி பஸ் நிற்கிற எந்த டீக்கடையில் நின்று பார்த்தாலும், டம்ளரை ஒரு தினுசாகப் பிடித்துக் குடிக்கிற ஆள் ஒருவராவது கண்ணில் படுவார். பிரஸ் மிஷினுக்கு மனுஷ விரல் என்றால் அவ்வளவு இஷ்டம். ஆனால் சல்லூமிடமிருந்து அது கடித்துக்கொண்டு போன நாலு விரலில் ஒன்று லேசுப்பட்ட விரல் இல்லை. அவன் குடும்பத்தின் நல்லது கெட்டது அத்தனையையும் முடிவு செய்துவந்த ஆள்காட்டி விரல் அது.

அவன் அப்பா தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் ஒரு சின்னச் சபையில் உபதேசியாராக இருந்தார். பிள்ளைக்குப் பெயர் வைப்பது, பெண் கொடுப்பது, கன்றுக்குட்டியை விற்பது, எதுவானாலும் மனுஷர்களிடம் யோசனை கேட்கமாட்டார். கண்ணை மூடுவார், வேதபுத்தகத்தைத் திறப்பார், வலது ஆள்காட்டி விரலை வைப்பார். விரல் விழுந்த வரி கர்த்தரின் கட்டளை. இடது கை அதில் படக்கூடாது. ஒருதரம் விழுந்ததை மாற்றி இன்னொருதரம் வைக்கவும் கூடாது. மூத்தவன் பிறந்தபோது அந்த விரல் யோவாப் என்ற பெயரில் போய் விழுந்தது. தாவீது ராஜாவின் படைத்தலைவன் அவன். முத்தம் கொடுக்க வருகிறவன் மாதிரி வந்து வயிற்றில் குத்துகிற ஆள். இந்தப் பெயர் வேண்டாம், இன்னொருதரம் வைத்துப் பாருங்கள் என்று அம்மா அழுதாளாம். கர்த்தரிடம் பேரம் பேசக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இளையவனுக்கு விழுந்தது சல்லூம். பாபிலோனில் அடிமைப்பட்டுக் கிடந்துவிட்டு ஊர் திரும்பிய யூதக் குடும்பங்கள், இடிந்து கிடந்த எருசலேம் மதிலை எடுத்துக் கட்டிய கதை வேதத்தில் வருகிறது. இந்தப் பங்கை இன்னார் கட்டினார், அவருக்கு அடுத்த பங்கை இன்னார் கட்டினார் என்று அதில் ஒரு நீண்ட வரிசை. அந்த வரிசையில் ஒரே ஒரு வரிக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன்தான் சல்லூம். அவனும் அவன் மகள்களும் தங்கள் பங்கைக் கட்டினார்கள். அவ்வளவுதான் அவன் கதை. சண்டை போடவில்லை, தீர்க்கதரிசனம் சொல்லவில்லை, செத்தானா பிழைத்தானா என்றுகூட எழுதி வைக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் தானியேல், சாமுவேல் என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோது நம்ம ஆளுக்குத் தன் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

அண்ணன் யோவாபுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. பெயருக்குத் தகுந்த மாதிரியே வளர்ந்தான். பனங்காட்டு வரப்பை ஒருவன் வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான் என்று அவன் தோளை அரிவாளால் பிளந்தான். அந்த ஆள் பிழைக்கவில்லை. ஜாமீனில் வெளியே வந்த யோவாப் பம்புசெட் தொட்டியில் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்த பட்டப்பகலில் அவர்கள் வந்தார்கள். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. கண்ணில் சோப்பு இருந்ததால் யார் வெட்டுகிறார்கள் என்றுகூட அவன் பார்க்கவில்லை. துண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சல்லூமின் காலடியில் நுரையும் ரத்தமும் கலந்து வாய்க்காலில் ஓடின. வெட்டியவர்களில் ஒருவன் அரிவாளைத் தொட்டித் தண்ணீரிலேயே கழுவிவிட்டு, உன்னைப் பிறகு பார்த்துக்கொள்கிறோம் என்று இவனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். அடக்கம் முடிந்த கையோடு அம்மா சல்லூமை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பையில் இரண்டு சட்டை, அப்பாவின் வேதபுத்தகம், சாக்கில் சுற்றிய அண்ணனின் அரிவாள். அரிவாள் எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமா அது.

அவனுடைய பாபிலோன் ஒரகடம் ஆயிற்று. அப்போது தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. கொத்தனாருக்குக் கையாளாகச் சேர்ந்து, பிறகு தானே கரண்டி பிடித்து, எத்தனையோ கம்பெனிகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டினான். கட்டிட வேலை ஓய்ந்ததும் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் பிரஸ் மிஷினுக்குப் போனான். அங்கே கேன்டீனில் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் சந்திரம்மாள். வல்லக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரி. முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவள் வாய்க்கு சூப்பர்வைசர்களே ஒதுங்கிப் போவார்கள். அவளைக் கட்டிக்கொண்டான். மூத்த பெண் பிறந்தபோது சல்லூம் வேதபுத்தகத்தோடு வந்து நின்றான்.

"உன் வெரல எடுத்துக்கினு போய் வேற எங்கனா வையி. என் பொண்ணுக்குப் பேரு நான் வெக்கிறேன்" என்றாள் சந்திரம்மாள்.

மூத்தவள் தேவிப்பிரியா, இளையவள் யுவஸ்ரீ. இரண்டும் பெண்ணாகப் போனதும் சல்லூம் தன் வரியை நினைத்துக்கொண்டான். அவனும் அவன் மகள்களும். அந்த ஒரு வரியைத்தான் தாலாட்டாகவும் கதையாகவும் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான். சின்னவளுக்கு நாக்குத் திரும்பிய நாளிலிருந்தே அது மனப்பாடம்.

விரல் போன கதை இது. அந்த மிஷினில் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று சூப்பர்வைசர் கோபிநாத் ஒரு பட்டனைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டான். இனி ஒரு கை அழுத்தினால் போதும், மறு கை தகட்டை எடுத்துவிடலாம். அப்படித்தான் ஒரு நாள் சல்லூமின் வலது கை தகட்டை எடுக்கப் போன நேரத்தில் இடது கை பட்டனை அழுத்தியது. சத்தம்கூட வழக்கமான சத்தம்தான். கையை வெளியே இழுத்துப் பார்த்தபோது நாலு விரலும் உள்ளேயே நின்றுவிட்டன. ரத்தம் அவன் முழங்கை வழியாகச் சொட்ட, கோபிநாத் ஓடிவந்து முதலில் செய்த காரியம் பட்டனில் கட்டிய கம்பியை அவிழ்த்ததுதான். அதைப் பார்த்ததும் சல்லூமுக்கு யோவாப் ரத்தம் தலைக்கேறியது. விரலில்லாத அந்தக் கையாலேயே கோபிநாத்தின் நெஞ்சில் ஓங்கி ஓர் அறை விட்டான். ஆள் மல்லாந்து விழுந்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் ஒரு கட்டைவிரலும் உள்ளங்கையும் மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தன. மேலதிகாரியை அடித்தான் என்று கம்பெனி அவனை வெளியே தள்ளியது. கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவன் வேதபுத்தகத்தைத் திறந்து விரல் வைக்கவில்லை. இடது கையை வைக்க மனம் வரவில்லை. அரிவாள் கட்டிலுக்கடியில் கிடந்தது. புத்தகம் அலமாரியில் இருந்தது. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதாக அவனுக்குத் தோன்றும்.

சந்திரம்மாளின் அப்பா இறந்தபோது, தொழிற்பேட்டைக்கு அரசாங்கம் எடுத்தது போக மிஞ்சியிருந்த ஒரு நீளத் துண்டு நிலம் அவள் பங்குக்கு வந்தது. வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்து சலித்த குடும்பம் அங்கே ஒரு தகரக் கூரை போட்டுக் குடியேறியது. அந்தத் துண்டுக்குப் பின்னால்தான் எழிலரசனின் ஸ்கிராப் யார்டு. கம்பெனிகள் கழிக்கிற இரும்பை எடுக்கிற கான்ட்ராக்ட் அவன் கையில் இருந்தது. அந்தக் கான்ட்ராக்டை வாங்குவதற்காக இதே சாலையில் எத்தனை பேர் வெட்டுப்பட்டிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அவனுடைய லாரிகள் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. சந்திரம்மாளின் நிலத்தின் குறுக்கே வந்தால் நேராக ரோட்டைப் பிடிக்கலாம். கேட்டான். இல்லை என்றார்கள். கேட்காமலே லாரியை விட்டான். ஒரு விடிகாலை அவர்கள் வீட்டுக் குளியல் தடுப்பை ஒரு லாரி இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. உள்ளே குளித்துக்கொண்டிருந்த தேவிப்பிரியா அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். அன்றைக்குத்தான் சல்லூம் சுவர் கட்டுவது என்று முடிவு செய்தான்.

கட்டத் தொடங்கி இடுப்பளவு எழும்பிய மதிய வேளையில் எழிலரசன் ஆட்கள் நாலு பேர் ஒரு பொலிரோவில் வந்து இறங்கினார்கள். பேச்சே இல்லை. ஈரச் சுவரை எட்டி உதைத்துச் சாய்த்தார்கள். தடுக்க ஓடிய சல்லூமை ஒருவன் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, இன்னொருவன் சென்ட்ரிங் பலகையால் முகத்தில் மாறி மாறி அறைந்தான். மூக்கு உடைந்தது, புருவம் கிழிந்தது. அப்பாவை விடச் சொல்லி நடுவில் விழுந்த தேவிப்பிரியாவின் இடது கையில் மண்வெட்டிக் காம்பு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. அதற்குள் அவன் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன, ஆகவே அந்தச் சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கிடைத்தது. அண்ணனுக்குக் கண்ணில் சோப்பு இருந்ததுபோல, என்று நினைத்தான். சந்திரம்மாள் கொதிக்கிற சாம்பார்ச் சட்டியோடு ஓடிவந்து ஒருவன் முதுகில் கவிழ்த்த பிறகுதான் அவர்கள் வண்டி ஏறினார்கள்.

மறுநாள் காலை மூத்தவள் மாவுக்கட்டோடு வீட்டில் ஓர் ஓரமாகப் படுத்திருந்தாள். சந்திரம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் திட்டிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தாள். சல்லூம் கட்டிலில் உட்கார்ந்து சின்னவளைக் கூப்பிட்டான்.

"ஏட்டி யுவா, கட்டிலுக்கடியில சாக்குல சுத்தி ஒண்ணு கெடக்கும். எடுத்து என் பக்கத்துல வை. பொறவு வேதத்தக் கொண்டா."

யுவஸ்ரீ தண்டலம் பக்கம் பாலிடெக்னிக்கில் படிக்கிற பெண், அப்பாவின் விரல் சாஸ்திரத்தைக் கிண்டல் செய்தே வளர்ந்தவள். ஆனால் பெரியப்பா கதை அவளுக்குத் தெரியும். அப்பா எதைக் கேட்கப் போகிறார் என்பதும் தெரிந்துவிட்டது. அரிவாளும் புத்தகமும் அருகருகே வந்தன. சல்லூம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தி அதில் புத்தகத்தை வைக்கச் சொன்னான்.

"எனக்கு வெரலும் இல்ல, இன்னிக்குக் கண்ணும் இல்ல. நீ கண்ண மூடிக்கிட்டு புஸ்தகத்தத் தொறந்து ஒன் வெரல வை. என்ன வந்தாலும் உள்ளத உள்ளபடி வாசிக்கணும். போகச் சொன்னா நான் போறேன். இருக்கச் சொன்னா இருக்கேன்."

யுவஸ்ரீ அவன் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தாள். விரல் தாளில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில், அதற்கு அடுத்த பங்கை சல்லூமும் அவனுடைய மகள்களும் பழுதுபார்த்துக் கட்டினார்கள் என்று வாசித்தாள்.

சல்லூம் அந்தப் புத்தகத்தை நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தூக்கிச் சுமந்தவன். அவனுடைய வரி இருக்கிற பக்கத்தைத் திறந்தால் இரண்டு கையிலும் கனம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். இப்போது இடது கை லேசாக இருந்தது. அதில் சில தாள்கள்தான். மிச்சப் புத்தகம் முழுக்க விரலில்லாத வலது கையின் மேல் கிடந்து அமுக்கியது. அவள் திறந்தது புத்தகத்தின் ஆரம்பத்தை. மோசேயின் சட்டங்கள் இருக்கிற இடம் அது. கண்ணுக்கும் பல்லுக்கும் ரத்தத்துக்கும் கணக்குத் தீர்க்கச் சொல்கிற இடம். மகள் பொய் சொல்கிறாள். வேதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு பச்சைப் பொய் சொல்கிறாள்.

அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. அப்பா உயிரோடு இருந்தால் வாயிலேயே போட்டிருப்பார். அரிவாள் தொடையில் உரசிக்கொண்டு கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு எழுந்து போக ஒரு நொடி போதும். ஆனால் அவள் விரல் இன்னும் தாளின் மேலேயே இருந்தது. அந்த விரல் நடுங்கிய நடுக்கம் தாள்களினூடே இறங்கி அவன் உள்ளங்கையில் தெரிந்தது. இந்தப் பிள்ளை தனக்காகப் பயப்படவில்லை, அப்பன் கொலைகாரனாகிவிடக் கூடாதே என்று பயப்படுகிறாள். அண்ணனுக்கு இப்படிப் பொய் சொல்ல ஒருத்தி இல்லாமல் போனாளே என்று நினைத்ததும் மூடிக்கிடந்த கண்ணிலிருந்து நீர் வழிந்து காயத்தில் எரிந்தது.

"செரி. மணல் மிச்சம் கெடக்கா?" என்று கேட்டான்.

வீக்கம் வடிந்து சல்லூமுக்குக் கண் திறந்ததும் மறுபடி தொடங்கினார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து நல்ல கை நாலுதான். சல்லூம் இடது கையால் கரண்டி பிடித்தான். தேவிப்பிரியா ஒரு கையால் செங்கலை நனைத்து நீட்டினாள். யுவஸ்ரீ கலவை சுமந்தாள். முழங்கால் உயரம் வந்தபோது சல்லூம் சாக்கை அவிழ்த்தான். இரண்டு வரிசைச் செங்கலுக்கு நடுவில் விட்டிருந்த சந்தில் அண்ணனின் அரிவாளைப் படுக்கவைத்தான். மேலே கலவையைக் கொட்டி, விரலில்லாத கையால் அழுத்தி நிரவினான். அன்றைய வேலையை அத்தோடு நிறுத்தி, அது இறுகிய பிறகு மறுநாள் அடுத்த வரியை வைத்தார்கள்.

சுவர் தோளளவு வந்த நாளில் எழிலரசனே நேரில் வந்தான். ஊரே கூடிவிட்டது. வெள்ளை வேட்டி, கழுத்தில் புலிநகம். வந்ததும் மூலைச் செங்கல்களை எட்டி உதைத்தான். சல்லூம் குனிந்து பொறுக்கித் திரும்ப அடுக்கினான். அவன் மறுபடி உதைத்தான். இவன் மறுபடி அடுக்கினான். எழிலரசன் அவன் செவிட்டில் ஓர் அறை விட்டான். காயம் பிரிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. சல்லூம் தோளால் துடைத்துக்கொண்டு கலவைக்குக் கை நீட்டினான். யுவஸ்ரீ கையில் கொடுத்தாள்.

"இன்னாடா, பயம் வுட்டுப் போச்சா உனுக்கு?" என்றான் எழிலரசன். "நாளிக்கு ஜேசிபி வரும். செவுரு நிக்கிதா, நீ நிக்கிறியான்னு பாக்கறேன்."

ஜேசிபி வரவில்லை. எழிலரசனைத் தொழிலில் பகைத்துக்கொண்டவர்கள் மறுநாள் காலையில் வந்தார்கள். ஒரகடம் போகிற ரோட்டோரக் கடையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்த நேரத்தில் அவனை வெட்டினார்கள். முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, ஓடிப்போய் ஒரு பஸ்ஸின் படியைப் பிடித்தவனைக் கீழே இழுத்துப் போட்டுத் தலையைச் சிதைத்தார்கள். முதல் ஷிப்ட் அன்றைக்கு லேட்டாகப் போனது.

முந்தின நாள் ஊர் முன்னிலையில் அவனிடம் அடி வாங்கியவன் யார் என்று போலீஸ் கேட்டது. ஊர் சொன்னது. தெற்கேயிருந்து ஓடிவந்தவன், கொலைகாரக் குடும்பம், வீட்டில் அரிவாள் வைத்திருக்கிறான் என்பதையும் சேர்த்தே சொன்னது. கரண்டியோடு நின்ற சல்லூமை அப்படியே ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள்.

ஸ்டேஷனில் அவனைக் குப்புறப் போட்டு, ஒருவன் முதுகில் ஏறி உட்கார, இன்னொருவன் உள்ளங்காலில் லத்தியால் அடித்தான். அரிவாள் எங்கே என்பது ஒன்றே கேள்வி. சல்லூம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். சொன்னால் சுவரை உடைப்பார்கள். சொல்லாவிட்டால் காலை உடைப்பார்கள். காலைக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தான், அப்படி ஒரு கிறுக்கு அவனுக்கு. மாலைக்குள் பாதம் இரண்டும் பிளந்துவிட்டன. வெளியே வராந்தாவில் மகள்கள் இருவரும் நிற்பது தெரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் தேவிப்பிரியாவின் மாவுக்கட்டுக் கை தூக்கிப் போட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வாயைத் திறந்தான்.

"செவத்துக்குள்ள இருக்கு, சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு அடி வைக்கச் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

நிலத்தில் கூட்டம் காத்திருந்தது. முன்வரிசையில் எழிலரசனின் தம்பி கார்முகில். மாரில் கை கட்டிக்கொண்டு நின்ற அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர், இடுப்பில் எதையோ செருகிக்கொண்டு நின்றார்கள். போலீஸ் மூன்றே பேர். கார்முகில் சல்லூமின் காதருகே வந்து மெதுவாகச் சொன்னான்.

"உள்ள அது இல்லன்னு வையி, நீ திரும்ப ஜீப்பு ஏறமாட்ட."

கடப்பாரையோடு வந்த கான்ஸ்டபிளை சல்லூம் தடுத்தான். கட்டியது நாங்கள், இடிப்பதும் நாங்களே இடிக்கிறோம் என்றான். பிளந்த பாதத்தில் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டுதான் அடித்தான். யுவஸ்ரீ கடப்பாரையின் நடுவைப் பிடித்தாள், தேவிப்பிரியா ஒரு கையால் செங்கலைப் பெயர்த்து வீசினாள். வரிவரியாக இறங்கியது சுவர். சந்திரம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு கூட்டத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சபித்தாள். முழங்கால் உயரத்துக்கு வந்தது. கல் பெயர்ந்தபோது கீழே வெறும் கலவைதான் தெரிந்தது. கார்முகிலின் கை இடுப்புக்குப் போனது. வேறு இடத்தில் உடைக்கிறோமோ என்று சல்லூமுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. வெட்டு விழப்போகிற கழுத்து முன்கூட்டியே குளிர்ந்தது.

"அப்பா, உன் கையி" என்றாள் யுவஸ்ரீ.

மேலே ஒட்டியிருந்த ஒரு பாளம் கழன்று விழுந்த இடத்தில், இறுகிய சிமென்ட்டில் ஒரு கைத்தடம் இருந்தது. ஒரு கட்டைவிரல், ஓர் உள்ளங்கை, வேறு விரல் இல்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். சல்லூமின் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்தியது. அந்தத் தடத்தின் மேல் கடப்பாரையை இறக்கினார்கள். உள்ளே, கல்லாகிப்போன கலவையில் அப்பிக்கொண்டு, துருவேறிய அரிவாள் படுத்திருந்தது. காலையில் ஒருவனை வெட்டிவிட்டு வந்து மாலைக்குள் இப்படி இறுகப் பூச எந்தக் கொத்தனாராலும் முடியாது. அது கான்ஸ்டபிளுக்கே தெரிந்தது. கார்முகில் அந்த அரிவாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

உண்மையில் வெட்டியவர்கள் வழக்கம்போல எங்கோ தூரத்தில் ஒரு கோர்ட்டில் போய்ச் சரணடைந்தார்கள். ஸ்கிராப் யார்டுக்குப் பூட்டு விழுந்தது. அரிவாளைப் போலீஸ் கொண்டுபோயிற்று, திருப்பிக் கேட்க சல்லூம் போகவில்லை. பாதம் ஆறுகிற வரைக்கும் கட்டிலில் கிடந்தான். அந்த இடிந்த சுவரை எவன் வந்து இனிக் கேட்கப்போகிறான், விட்டுத் தொலையுங்கள் என்றாள் சந்திரம்மாள். கால் ஊன்ற முடிந்த அன்றைக்கு சல்லூம் மணலைச் சலிக்க ஆரம்பித்தான்.

கலவை குழைத்துக்கொண்டிருந்த யுவஸ்ரீ மண்வெட்டியை நிறுத்தினாள்.

"அப்பா, அன்னிக்கு நான் படிச்சேன் இல்ல, அது அங்க இல்லப்பா. பொய்யி."

"தெரியும்டி. புஸ்தகம் வலது கையில கனத்துச்சு."

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். "தெரிஞ்சிகினா சும்மா இருந்த? அப்போ மெய்யா வெரலு எங்க இருந்துச்சின்னு நீ ஏன் கேக்கல? சொல்லவா?"

சல்லூம் நூலை இழுத்துக் கட்டி, மட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். அப்பாவின் விரல் அண்ணனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அவன் ஞாபகத்தில் வந்து போனது. ஒருதரம் விழுந்ததை மாற்றக்கூடாது என்று சொன்ன அந்த மனுஷனிடம், பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றைக்கே யாராவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம்.

"வேண்டாம், சொல்லாத" என்றான். "நீ வாசிச்சதும் அதே புஸ்தகத்துலதான கெடக்கு. அக்காகிட்ட சொல்லி செங்கல்ல எடுத்துத் தரச் சொல்லு."